உத்தண்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்: கடலோரப் புறநகருக்கு மாநகராட்சியா, ஊராட்சியா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூரைத் தாண்டித் தெற்கே போனால் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் என்று ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டியே வரும். உத்தண்டியோடு சென்னை மாநகராட்சி முடிந்துவிடும். அதற்கப்புறம் வரும் கானாத்தூர், முட்டுக்காடு, கோவளம் எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம், திருப்போரூர் ஒன்றியத்து ஊராட்சிப் பகுதிகள். கடலும் மணலும் ஒன்றுதான். ஆனால் மனை பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "கார்ப்பரேஷன் லிமிட்டா, பஞ்சாயத்தா?" என்றுதான். கேள்வி சரி. அதற்குக் கிடைக்கும் "கார்ப்பரேஷன்னா எல்லா வசதியும் வந்துடும் சார்" என்ற பதிலில் பாதிதான் உண்மை.

2011 அக்டோபர் வரை இந்த வித்தியாசமே கிடையாது. மேலே சொன்ன கொட்டிவாக்கம் முதல் ஈஞ்சம்பாக்கம் வரை நான்குமே தனித்தனி ஊராட்சிகள்தான். அப்போது 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகளைச் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகப் பெருத்தது. இணைந்த 42 உள்ளாட்சிகளுக்கும் சேர்த்துக் கிடைத்தவை 93 வார்டுகள். ஆளுக்கொரு தலைவர், துணைத் தலைவர், உறுப்பினர்கள் என்று இருந்த இடத்தில் இப்போது பெரிய பகுதிக்கு ஒரே கவுன்சிலர். இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. குப்பைக்கு மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை, பட்டாவுக்குக் காஞ்சிபுரம் என்று தென்கரை மக்கள் ஏழு வருடம் அலைந்தார்கள். சோழிங்கநல்லூர் வட்டம் சென்னை மாவட்டத்துக்குள் வந்ததே 2018-ல்தான்.

ஓட்டுக் கணக்கில் ஊராட்சிக்காரருக்குத்தான் லாபம். வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நான்கு ஓட்டு. முதல் இரண்டிலும் கட்சிச் சின்னம் கிடையாது. பிரசிடெண்டை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநகராட்சியில் ஒரே ஓட்டு, கவுன்சிலருக்கு மட்டும். 2011-ல் மேயருக்கும் நேரடியாக ஓட்டுப் போட்டோம். 2022-ல் அதுவும் கவுன்சிலர்கள் கைக்குப் போய்விட்டது.

இன்னொரு பெரிய வித்தியாசம் கிராம சபை. வருடத்துக்கு நான்காக இருந்தது, மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாகியிருக்கிறது. அங்கே வாக்காளர் எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம், தீர்மானம் போடச் சொல்லலாம். எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கிறதா என்றால் சிரிப்புதான் வரும். ஆனாலும் கேட்க ஓர் இடம் இருக்கிறது. நகரத்துக்கும் 2022-ல் பகுதி சபை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உங்கள் பகுதி சபை எப்போது கூடியது என்று பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு, செங்கல்பட்டு ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபர் வரையும் சென்னைக்கு 2022 வரையும் தேர்தலே நடக்கவில்லை. தனி அதிகாரிகள்தான் நடத்தினார்கள். அந்த இடைவெளியில்தான் கோவளம் வடிநிலத்து மழைநீர் வடிகால் திட்டம் ஜெர்மன் வங்கிக் கடனோடு கடற்கரைச் சாலைப் பக்கம் வந்தது. பெய்யும் மழையைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் மணல் நிலத்துக்குக் கான்கிரீட் வடிகால் எதற்கு என்று குடியிருப்போர் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். முறையிட அவர்களுக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை. அவ்வளவு பெரிய பணம் மாநகராட்சிக்குத்தான் வரும், ஊராட்சிக்குக் கனவிலும் வராது. ஆனால் பணத்தோடு முடிவும் மேலிருந்தே வருகிறது.

தண்ணீரில் மாநகராட்சியை அடிக்க முடியாது. மெட்ரோ வாட்டர் தனி வாரியம், குழாய் பதிக்கவும் ஆலை கட்டவும் அதனால் முடியும். எல்லாத் தெருவுக்கும் குழாய் வந்துவிட்டதா என்பது வேறு கேள்வி, தண்ணி லாரி இன்னும் ஓடத்தான் செய்கிறது. என்னை உறுத்துவது வேறொன்று. நெம்மேலியில் 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2024 முதல் கூடுதலாக 15 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க ஆலைகள் இருக்கின்றன. நெம்மேலி இருப்பது ஊராட்சிப் பகுதியில். கடல் அவர்களுடையது, குழாய் போவது சென்னைக்கு.

வரியைப் பற்றி நீட்ட வேண்டாம். ஊராட்சி வீட்டு வரி குறைவு, மாநகராட்சிச் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை, 2022-ல் நன்றாகவே ஏறியது. வில்லாக்காரருக்கு அது பெரிய விஷயமில்லை. குப்பத்தில் சின்ன வீட்டுக்காரருக்கு வலிக்கும். ஊராட்சி போனால் கிராமத்து வேலை உறுதித் திட்டமும் போய்விடும் என்பது அவருடைய இன்னொரு கவலை.

யார் இங்கே வாழ்கிறார்கள் என்று பார்த்தால்தான் ஒப்பீடு சுவாரசியமாகிறது. கடலை ஒட்டி மீனவக் குப்பங்கள், சாலையை ஒட்டி பங்களாக்கள், உள்ளே பழைய மகாபலிபுரம் சாலையின் ஐடி கம்பெனிக்காரர்கள் வாங்கிய அடுக்குமாடிகள், கட்டிட வேலைக்கு வந்த வடமாநிலத்தவர். கொஞ்சம் உள்ளே தள்ளி, நகரத்துக் குடிசைகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களின் கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும். அவர்களை நகரம் ஊராட்சிப் பகுதிக்கு அனுப்பியது, 2011-ல் தானும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. இத்தனை மாற்றத்துக்கும் அரசிடம் உள்ள தலைக்கணக்கு 2011-ஆம் ஆண்டினுடையது. அடுத்த கணக்கெடுப்புக்கான குறிப்பு நாள் 2027 மார்ச் 1.

கரையில் அந்தப் பழைய கணக்கு நேராகவே வேலை செய்கிறது. கடலோரத்தில் எங்கே கட்டலாம் என்று சொல்லும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிப்படி, நகர எல்லைக்குள் ஏற்கெனவே கட்டிடம் நிறைந்த கரை என்றால், இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டிடத்துக்கோ நிலப்பக்கமாகக் கட்டலாம். கிராமக் கரை என்றால் அலையேற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டக்கூடாது. அந்த விதியின் 2019 அறிவிக்கை கிராமக் கரையிலும் ஒரு பிளவு வைத்தது. 2011 கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் அந்த 200 மீட்டர் வெறும் 50 ஆகிவிடும். ஆக நகரம், கிராமம் என்ற முத்திரையும் தலை எண்ணிக்கையும் சேர்ந்துதான் வலை காயப்போடும் மணலில் ரிசார்ட் வருமா வராதா என்று தீர்மானிக்கின்றன. குப்பத்து மீனவர்களின் மரபுவழி ஊர்ப் பஞ்சாயத்தார் காலங்காலமாகத் தங்கள் கரை என்று சொல்லும் இடம் இந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

நீங்கள் ஃபிளாட் வாங்குகிறவர் என்றால் தயங்காமல் உத்தண்டிக்கு வடக்கே பாருங்கள். குப்பத்தில் பிறந்தவர் என்றால் ஊராட்சியை விட்டுக்கொடுக்காதீர்கள் என்பேன். ஆனால் கானாத்தூர்ப் பக்கம் அடுத்து என்ன என்று கேட்டால் எனக்கு இரண்டுமே வேண்டாம், நகராட்சி போதும். ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்தபோது வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் வாங்கிப் பாதாளச் சாக்கடை போட்டுக் காட்டியது. சின்ன உள்ளாட்சியால் பெரிய வேலை முடியாது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. 2011-ல் அந்த நகராட்சியையும் சேர்த்துத்தான் கரைத்தார்கள்.