துரைக்குப் பிடித்த மூலை: பேப்பர், உமி, நார்த்தூள் எது தேறியது?

எங்கள் முயலின் பெயர் துரை. பெயர் வைத்தது மகள். எவ்வளவு பொருத்தமான பெயர் என்பது போகப் போகத்தான் தெரிந்தது. புதுச்சேரி லாஸ்பேட்டையில் நாங்கள் இருக்கும் சின்ன வீட்டில், அத்தையின் தையல் மிஷினுக்குப் பின்னால் ஒரு மூலை உண்டு. வந்த வாரமே அதைத் தன் கழிப்பறை என்று துரை முடிவு செய்துவிட்டான். நான் காசு கொடுத்து வாங்கிய நீல நிற முக்கோண ட்ரே இருந்தது பால்கனிக் கதவோரம். நடுவில் எட்டடி தூரம். அந்த எட்டடியைக் கடக்க ஏழு மாதம் ஆனது. கடந்தது துரை இல்லை, ட்ரே.

அந்த ஏழு மாதத்தில் ட்ரேயில் என்னென்னவோ போட்டுப் பார்த்தோம். எது தேறியது, எது தேறவில்லை என்று சொல்வதற்கு முன் ஒரு விஷயம். முயலின் மூத்திரமும் புழுக்கையும் இரண்டு தனிக் கணக்கு. மூத்திரத்தை அது தானாகவே ஒன்றிரண்டு மூலைகளில்தான் விடும், அது அதன் பிறவிக் குணம். புழுக்கை அப்படியில்லை. நன்றாகச் சாப்பிடும் முயல் ஒரு நாளைக்கு 200, 300 உருண்டை போடும். அதில் பெரும்பாலானவை ட்ரேயில் விழும், பத்துப் பதினைந்து வெளியே கிடக்கும். அந்தப் பதினைந்தும் 'இது என் இடம்' என்று அவன் எழுதிப் போடும் பட்டா. காய்ந்த உருண்டை, நாற்றம் கிடையாது, துடைப்பத்தால் ஒரு தள்ளு போதும். ஆகவே இங்கே நான் மதிப்பெண் போடுவது மூத்திரத்தை வைத்து மட்டும்.

பேப்பரில்தான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள், நாங்களும் அப்படித்தான். பழைய தினசரி வீட்டிலேயே கிடக்கிறது, முயல் கொஞ்சம் கடித்துத் தின்றாலும் பெரிதாக ஆபத்தில்லை (வழவழப்பான வண்ண விளம்பரத் தாள் மட்டும் வேண்டாம்). ஆனால் பேப்பர் நனையுமே தவிர ஈரத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளாது. முயலின் பாதத்தில் நாய்க்கு இருப்பது போன்ற மெத்தை கிடையாது, வெறும் முடிதான். அந்த முடி ஈரத்திலேயே இருந்தால் தோல் புண்ணாகும். காலையில் விரித்த பேப்பரில் சாயங்காலம் அம்மோனியா வாடை கண்ணைக் கரிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறை மாற்ற முடிகிறவர்களுக்குப் பேப்பர் போதும். என்னால் முடியவில்லை.

அடுத்தது உமி. பாகூர்ப் பக்கம் இருக்கும் உறவினர் அரிசி மில்லிலிருந்து ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டார். கோழிப் பண்ணையில் தரை முழுக்க உமிதானே போடுகிறார்கள், இங்கே மட்டும் ஏன் ஆகாது என்பது அவர் வாதம். பண்ணையும் நம் ட்ரேயும் ஒன்றில்லை, இங்கே இரண்டு அங்குலம்தான் போட முடியும். உமி தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது, மூத்திரம் நேராக அடிக்கு இறங்கிக் குளம் கட்டிவிடுகிறது. ஃபேன் போட்டால் வீடெல்லாம் உமி. நான்காம் நாள் மூட்டை மாடித் தோட்டத்துக்குப் போனது.

மரத்தூளைப் பற்றி நிறையப் பேருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. மரவாடியில் கேட்டால் அள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள், உறிஞ்சவும் செய்யும். ஆனால் பொடித்தூள் மூக்கில் ஏறினால் முயலுக்குத் தும்மலும் சளியும் வரும். முயலின் மூச்சுப்பாதை மென்மையானது. இழைப்புச் சீவலில் தூசு குறைவு என்றாலும் அது எந்த மரம் என்று தெரிய வேண்டும். பைன், தேவதாரு வகை மரங்களின் பச்சைச் சீவலில் நல்ல வாசனை வருமே, அந்த வாசனைப் பொருள்தான் கல்லீரலைத் தொந்தரவு செய்வது. தச்சுப் பட்டறைச் சீவலில் பிளைவுட் பசையும் வார்னிஷும் கலந்திருக்கும். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

பூனைக்கு விற்கும் கட்டி கட்டும் மணலைப் பற்றி இரண்டே வரி. வாங்காதீர்கள். முயல் எதையும் கடித்துப் பார்க்கும், வாந்தி எடுக்க அதன் உடம்பால் முடியாது, அந்த மணல் வயிற்றுக்குள் போய் உப்பிக் குடலை அடைத்துவிடும்.

(நடுவில் ஒரு கிறுக்குத்தனமும் செய்தேன். கரும்பு ஜூஸ் கடையில் சக்கை சும்மாதான் கிடக்கிறதே என்று வாங்கி வந்து காயவைத்துப் போட்டேன். துரை வருவதற்குள் எறும்பு வந்துவிட்டது.)

இனி தேங்காய் நார்த்தூள். நர்சரிகளில் கோகோபீட் என்று 5 கிலோ கட்டியாக விற்கிறார்களே, அதுதான். தண்ணீர் ஊற்றினால் பல மடங்கு உப்பிப் பொலபொலவென்று உதிரும். செடிக்கு அப்படியே போடலாம், முயல் ட்ரேக்கு அதை மறுபடி மொட்டைமாடியில் இரண்டு மூன்று நாள் காயவைக்க வேண்டும். ரொம்பக் காய்ந்து பொடியாகிவிட்டால் தூசு பறக்கும், லேசான பதம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வேலை அதிகம்தான். ஆனால் முதல் வாரமே வித்தியாசம் தெரிந்தது. மூத்திரத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது, மேல்பக்கம் காய்ந்தே இருக்கிறது, வாடை மூன்றாம் நாள்தான் லேசாக எட்டிப் பார்க்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஈரமான இடத்தை மட்டும் கரண்டியால் எடுத்து, வாரம் ஒருமுறை முழுதும் மாற்றினால் போதும். எடுத்ததை மக்கவைத்துக் கத்தரிச் செடிக்குப் போட்டேன், காய் பிடித்தது.

குறையும் உண்டு. வெள்ளை முயல் பழுப்பு முயலாகிவிடும். ட்ரேயில் போட்டதைத் தின்று பழகிய முயலுக்கு இது ஆகாது, வயிற்றிலும் உப்பும் பொருள்தானே. துரை இரண்டு முறை மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டான். உங்கள் முயல் மென்றால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். இன்னொரு குறை நம் ஊர் மழை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியது. கரண்ட் இல்லை. மாடியில் மூடி வைத்திருந்த நார்த்தூள் கஞ்சியாகிவிட்டது. அந்த வாரம் முழுக்க வீட்டில் இருந்த பழைய கேள்வித்தாள், கல்யாணப் பத்திரிகை, மகளின் பழைய நோட்டு எல்லாவற்றையும் கிழித்துத்தான் துரைக்குப் போட்டோம்.

அதற்குப் பிறகு ஆன்லைனில் மரத்தூள் குச்சி வரவழைத்தேன். சூட்டில் உலர்த்தி அழுத்திச் செய்த உருளைகள், அந்த வாசனைப் பொருள் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். உறிஞ்சுவதில் இதை மிஞ்ச ஆளில்லை, வாடையை அடக்குவதிலும் நார்த்தூளை விட ஒரு படி மேல். விலைதான் கடிக்கிறது. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் பையைத் திறந்து வைத்தால் தானாகவே உதிர்ந்து தூளாகிறது, பெயின்ட் வாளியில் மூடி வைத்திருக்கிறேன். பாய்லருக்கு எரிக்க விற்கும் குச்சியும் பார்வைக்கு இதே மாதிரி இருக்கும். அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, மலிவு என்று வாங்கிவிடாதீர்கள்.

என் தீர்ப்பு இதுதான்: தை முதல் புரட்டாசி வரை நார்த்தூள், ஐப்பசி அடைமழை தொடங்கினால் குச்சி, இரண்டும் இல்லாத அவசரத்துக்குப் பேப்பர்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நார்த்தூள் போட்ட பிறகும் துரை பாதி நேரம் தையல் மிஷின் மூலைக்குத்தான் போனான். ட்ரே சுத்தமாக, வாடையில்லாமல், அழகாக, காலியாக இருந்தது. அத்தை ஒரு நாள் தைத்துக்கொண்டே சொன்னார்: "அவன் வந்த நாள்லேர்ந்து ஒரே எடத்துலதான் போறான். நீதான் மாசத்துக்கு ஒண்ணு மாத்துற. யாரு பிடிவாதம்?"

சுருக்கென்றது. உள்ளே போடும் பொருளை மட்டுமே மாற்றிக்கொண்டிருந்தேன், இடத்தையும் பாத்திரத்தையும் யோசிக்கவே இல்லை. முக்கோண ட்ரே மூலையில் அடக்கமாக உட்காரும் என்பது நமக்கு வசதி. வளர்ந்த முயல் அதில் திரும்பக்கூட முடியாது, பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஹார்டுவேர் கடையில் கொத்தனார் சிமென்ட் கலவை அள்ளும் பாண்டு வாங்கிப் பார்த்தேன். அகலம், கனம், கவிழாது. ஆனால் வட்டம். மூலைக்கும் வட்டத்துக்கும் நடுவே ஒரு கையளவு இடுக்கு மிஞ்சும் இல்லையா, துரை சரியாக அந்த இடுக்கில் போனான். கடைசியில் தேறியது துணி அலசும் செவ்வக டப்தான். முயல் காலை நீட்டிப் படுக்கும் அளவு இருக்க வேண்டும், ஒரு பக்க விளிம்பை மூன்று அங்குல உயரத்துக்கு அறுத்து வாசல் வைத்து, அறுத்த இடத்தைத் தேய்த்து மழுக்கிவிட வேண்டும். கம்பி வலை போட்ட ட்ரேயும் விற்கிறார்கள், சுத்தம் செய்ய எளிது. வெறுங்கம்பியில் நின்றால் குதிகால் புண்ணாகும், அதனால் எனக்கு அது பிடிக்கவில்லை.

பழக்குவதிலும் இரண்டு கட்சி இருக்கிறது. முதல் நாளிலிருந்தே வீடு முழுக்கத் திறந்துவிட்டு மூலைக்கு மூலை ட்ரே வைப்பவர்கள் ஒரு கட்சி. சின்ன இடத்தில் அடைத்து, அங்கே சரியாகப் போகப் பழகியபின் எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாக விரிப்பவர்கள் இன்னொரு கட்சி. நான் முதல் வழியில் நான்கு மாதம் வீணடித்தேன். இரண்டாவது வழியில் மூன்று வாரத்தில் பலன் தெரிந்தது. தையல் மிஷினை நகர்த்தி, அதே மூலையில் டப்பை வைத்து, சுற்றி நாலுக்கு நாலடி வேலி கட்டினோம். தரையில் துடைத்த ஈரப் பேப்பர் ஒரு துண்டும் பத்துப் புழுக்கையும் டப்பில் போட்டோம், தன் வாடை இருந்தால்தான் அவனுக்கு நம்பிக்கை வரும். தப்பு செய்த இடத்தை வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தோம், வெள்ளையாகப் படியும் சுண்ணாம்புக் கறையும் அதில் போகும். (ரெட் ஆக்சைடு தரை உள்ள பழைய வீடு என்றால் வினிகரை ஒரு மூலையில் சோதித்துவிட்டுத் துடையுங்கள், மெருகு மங்கலாம்.) திட்டுவது, தண்ணீர் தெளிப்பது, மூக்கைத் தேய்ப்பது எதற்கும் முயல் மசியாது. உங்களைக் கண்டால் ஓடக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான்.

பொருளை விட, டப்பை விட, பெரிய வித்தியாசம் செய்தது புல். முயல் சாப்பிட்டுக்கொண்டே போகும் பிராணி. புல்லை டப்பின் ஒரு ஓரத்தில் வைத்தால் மறு ஓரத்தில் வேலை முடிந்துவிடும். வெளிநாட்டு திமோத்தி புல் தினமும் வாங்கக் கட்டுப்படியாகாது. அருகம்புல்லும் மாட்டுத் தீவனமான கோ-4 புல்லைக் காயவைத்ததும் கலந்து வைக்கிறோம். மணக்குள விநாயகர் கோயில் வாசலில் அருகம்புல் வாங்கும்போதெல்லாம் அத்தை இரண்டு கட்டாக வாங்குவார். ஒன்று பிள்ளையாருக்கு.

இதெல்லாம் செய்தும் ஒரு தொல்லை மிச்சமிருந்தது. நான்கு மாத வயசு ஆனதிலிருந்து சுவரிலும் என் புடவையிலும் துரை மூத்திரத்தைப் பீய்ச்சி அடித்தான். அது பழக்கக் குறை இல்லை, வயசு. காயடிக்காமல் அது நிற்காது. முதலில் விசாரித்த ஓரிடத்தில், முந்தின ராத்திரியே பட்டினி போட்டுக் கூட்டிவரச் சொன்னார்கள். நாய்க்குச் சொல்லும் அறிவுரை அது. முயலைப் பட்டினி போட்டால் குடல் அசைவு நின்று உயிருக்கே ஆபத்தாகும். முயலுக்கு அறுவை செய்து பழகிய டாக்டரைத் தேடி ஜனவரியில் செய்தோம். குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, புதுச்சேரிக்காரர்கள் அங்கும் கேட்டுப் பார்க்கலாம். ஹார்மோன் அடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரை பீய்ச்சத்தான் செய்வான். பெண் முயல் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. கருப்பையை எடுக்காத பெண் முயல்களுக்கு வயதானபின் அங்கே புற்றுநோய் வருவது மிகச் சாதாரணம்.

நன்றாகப் பழகிய முயல் திடீரென்று வெளியே மூத்திரம் விட்டால், முக்கினால், ட்ரேயை மாற்றிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். சிவப்பாக வந்தால் உடனே பதறவும் வேண்டாம், தின்ற கீரையின் நிறமாகவும் இருக்கலாம். இரண்டு நாளில் மாறாவிட்டாலோ முயல் சுருண்டு படுத்தாலோ காட்டிவிடுங்கள்.

ஏப்ரலில் வேலியை எடுத்தோம். டப் அதே மூலையில் இருக்கிறது. தையல் மிஷின் இப்போது ஜன்னலோரம். வெளிச்சம் நன்றாக விழுகிறது, இதை முன்னாடியே செய்திருக்கலாமே என்கிறார் அத்தை.