ஆடித் தள்ளுபடியில் லேப்டாப் வாங்கப் போறீங்களா? நான் ஏமாந்த கதையைக் கேட்டுட்டுப் போங்க

போன ஆடியில் கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு லேப்டாப் வாங்கி ஏமாந்தேன். கடைப் பெயரைப் போடவில்லை. அந்த ஒரு கடை மட்டும் என்றால் போட்டிருப்பேன். அதே மாதிரி எழுதின அட்டைகள் அதே ரோட்டில் இன்னும் நாலு கடையில் இருப்பதை அப்புறம் பார்த்தேன்.

ஊர் அவிநாசி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணியின் தரம் பார்க்கும் க்யூசி வேலை. துணியில் என்னை ஏமாற்றுவது கொஞ்சம் கஷ்டம். 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம்) என்று சொல்லி ரோல் வந்து இறங்கினால், வட்டக் கட்டரை வைத்து ஒரு அழுத்து, ஒரு திருகு. வெட்டி வரும் வில்லை 100 சதுர சென்டிமீட்டர். தராசில் 1.6 கிராம் காட்டினால் நூறால் பெருக்கி 160 என்று எழுதி ரோலைத் திருப்பி அனுப்பிவிடுவேன். இருபது வருசமாக இதுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவன் ஒரு அட்டையில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்ததை நம்பி 34,990 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

பாப்பாவுக்கு ஐடி பிரிவில் இடம் கிடைத்திருந்தது. 35,000-க்குள் முடிக்கணும். அட்டையில் இருந்தது இதுதான்: ரைசன் 5, 7000 சீரிஸ், 2023 மாடல். 8 ஜிபி ரேம், கூட்டிக்கொள்ளலாம். 512 ஜிபி எஸ்எஸ்டி. ஃபுல் எச்டி. பேட்டரி 10 மணி நேரம் வரை. ரைசன் என்பது லேப்டாப்பின் மூளையான ப்ராசஸர் சிப்பின் பெயர், ரேம் என்பது ஓடுகிற வேலைக்கான மெமரி, எஸ்எஸ்டி என்பது ஃபைல்களைச் சேமிக்கும் இடம். பக்கத்திலேயே இன்டெல் கம்பெனியின் ஐ3 ப்ராசஸர் போட்ட லேப்டாப்பும் அதே விலையில் இருந்தது. அதைக் கையில் எடுத்தேன். விற்பனைத் தம்பி, "அது 3 தானுங்ணா, இது 5. அதே காசுக்கு எதுக்குங்ணா கம்மியா வாங்கறீங்க?" என்றார். "ரேம் பத்தலைன்னா அடுத்த வருசம் இன்னொரு 8 போட்டுக்கலாமுங்ணா." சரி என்றேன். ஒரு பையும் மவுஸும் இலவசம்.

மூன்றாம் மாதம் பாப்பா, "அப்பா, ப்ரவுசர்ல நாலு டேப் திறந்துட்டு கோட் எழுதினா திக்குதுப்பா" என்றாள். அடுத்த வருசம் வரை எதற்கு, இப்போதே ரேம் போட்டுவிடலாம் என்று அவிநாசியிலேயே பழக்கமான சர்வீஸ் தம்பியிடம் கொண்டுபோனேன். அவர் சின்ன ஸ்க்ரூடிரைவரால் பத்து ஸ்க்ரூவைக் கழற்றி, பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை இடுக்கில் விட்டு நெம்பி அடித்தகட்டை எடுத்தார். ஃபேன், பேட்டரி, எஸ்எஸ்டி எல்லாம் இருந்தது. ரேம் குச்சியும் இல்லை, அது உட்காரும் ஸ்லாட்டும் இல்லை. ப்ராசஸருக்குப் பக்கத்தில் கறுப்பு வில்லைகளை விரல் நுனியால் காட்டினார். "இதுதானுங்ணா ரேம். போர்டோட வச்சு சால்டர் பண்ணியிருக்கு. கூட்டவும் முடியாது, மாத்தவும் முடியாது."

"கூட்டிக்கலாம்னு எழுதியிருந்துச்சே?"

"எழுதறதுக்கென்னங்ணா."

அட்டையில் இருந்த பச்சைப் பொய் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் உண்மை. அந்த உண்மைகள் பண்ணின வேலையைத்தான் விவரமாகச் சொல்லணும்.

அதில் இருந்த சிப்பின் முழுப் பெயர் ரைசன் 5 7520யூ. ரைசனின் கம்பெனியான ஏஎம்டி 2022-லேயே இந்த எண்ணைப் படிக்கும் விதத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. முதல் இலக்கம் எந்த வருசத்து மாடல் என்பது. 7 என்றால் 2023. மூன்றாவது இலக்கம் உள்ளே இருக்கும் கோர், அதாவது கணக்குப் போடும் பகுதி, எந்தத் தலைமுறை என்பது. இதில் அது 2, அதாவது ஜென் 2. ஜென் 2 வந்தது 2019-இல். 2023 என்பதும் பொய்யில்லை, உள்ளே 2019-இன் வடிவமைப்பு என்பதும் பொய்யில்லை. இதற்கு அடுத்த எண் போலத் தெரியும் 7530யூ ஜென் 3. ஆறு கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசைகள்). என்னுடையது நாலு கோர், எட்டு த்ரெட். அட்டையில் எழுதினால் இரண்டுமே "ரைசன் 5, 7000 சீரிஸ்"தான். எங்கள் தொழிலில் நூல் எந்த லாட் என்று கேட்காமல் "30ஸ் கோம்டு" என்று ரகத்தின் பெயரோடு விட்டுவிடுகிற மாதிரி.

7520யூ மட்டமான சிப் என்று நான் சொல்ல வரவில்லை. கரண்ட் கம்மியாகத்தான் குடிக்கிறது, பாடம் பார்க்க, டைப் அடிக்கத் தாராளம். ஆனால் இந்த வகைச் சிப்போடு வருவது எல்பிடிடிஆர்5 என்ற வகை ரேம், போர்டில் பதித்தே வரும். முழு எண்ணை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தால் ஸ்லாட் இருக்காது என்பதும் அப்போதே தெரிந்திருக்கும். நான் கையில் எடுத்துக் கீழே வைத்த அந்த ஐ3, 1215யூ. வேகமான கோர் இரண்டு, சிக்கனமான கோர் நாலு. ஒற்றைக் கோர் வேகத்தில் அது என் "5"-ஐ முந்திவிடும். 3, 5 என்பதெல்லாம் ஒரே கம்பெனியின் ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடத்தான். நான் அதைப் பரீட்சை மார்க் மாதிரி எடுத்துக்கொண்டேன்.

ரேமில் இன்னொன்று. தனி கிராபிக்ஸ் இல்லாத லேப்டாப்பில் திரைக்கு வேண்டிய மெமரியும் அந்த 8 ஜிபியிலிருந்துதான் போகும். எங்களுடையதில் மிச்சம் 7.2 ஜிபி என்று காட்டுகிறது. பாப்பாவின் சீனியர்கள் சொல்லும், போன் ஆப் எழுதுவதற்கான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குக் குறைந்தபட்சமே 8 ஜிபி வேண்டும். கம்ப்யூட்டருக்குள்ளேயே போன் மாதிரி ஓடும் எமுலேட்டரையும் சேர்த்து ஓட்ட 16.

ஃபுல் எச்டி என்பது எத்தனை புள்ளி என்ற கணக்கு மட்டும்தான், நிறத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஒரு நாள் பையர் அனுப்பின ஆர்ட்வொர்க்கை இதில் திறந்தேன். மெரூன் செங்கல் நிறத்தில் தெரிந்தது. தேடிப் பார்த்தால் திரையின் பேனல், எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான என்டிஎஸ்சி அளவில் 45 சதவீதம். 72 சதவீதம் இருந்தால்தான் கம்ப்யூட்டர் திரைகளுக்கான வழக்கமான நிற அளவான எஸ்ஆர்ஜிபி கிட்டத்தட்ட முழுசாக வரும். படிக்கிற பிள்ளைக்கு இது பெரிய குறையில்லை, ஷேடு பார்க்கிற எனக்குத்தான் வயிற்றெரிச்சல். பேட்டரியைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது, "வரை" என்று போட்டால் எதுவும் எழுதலாம்.

கடைக்குப் போனேன். முதலாளி மரியாதையாகத்தான் பேசினார். "பில்லுல அப்படி எழுதியிருக்குதுங்களா?" என்றார். பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் மட்டும். அந்த மாடலுக்குப் புது அட்டை ஏற்கெனவே தொங்கியது, அதில் "கூட்டிக்கொள்ளலாம்" இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன். புகாரை வாங்கிக்கொண்டு ஆதாரம் கேட்டார்கள். பழைய அட்டையை ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போயிருப்பேன். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருசத்துக்குள் போகலாம். வாங்குவதற்கு முன்னால் அட்டையைப் படம் பிடியுங்கள்.

இந்த விலையில் எதையாவது விட்டுத்தான் ஆகணும். என்னைக் கேட்டால் திரையை விடலாம், எடையை விடலாம், ரேம் ஸ்லாட்டை விடக் கூடாது. எஸ்எஸ்டிக்குப் பதில் 64 ஜிபி இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்புச் சிப் போட்டு வருவதைத் தொடவே வேண்டாம். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச இடமே 64 ஜிபிதான். "ஐ7, 22,000 தான்" என்று விற்கும் பழைய லேப்டாப்பில் எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். 7ஆம் தலைமுறை ஐ7 7500யூவில் இருப்பது இரண்டே கோர், விண்டோஸ் 11-க்கான இன்டெல் பட்டியலிலும் அது கிடையாது.

எங்கள் ஜிஎஸ்எம் கட்டர் மாதிரி இதற்கும் ஒன்று இருக்கிறது, காசு செலவில்லை. கடையில் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியூவைத் தொட்டால் முழுப் பெயர், கோர், த்ரெட். மெமரியைத் தொட்டு ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியைப் பாருங்கள். எஸ்ஓ-டிம் என்றிருந்தால் கழற்றி மாட்டும் ரேம். ரோ ஆஃப் சிப்ஸ் என்றிருந்தால் சால்டர். அப்போது பக்கத்தில் "ஸ்லாட்" என்று ஏதாவது எண் காட்டினாலும் அது கழற்றி மாட்டும் ஸ்லாட் இல்லை.

இந்த மாதம் மச்சான் பையனுக்கு வாங்க, வேறொரு கடைக்குக் கூடப் போனேன். எஸ்ஓ-டிம், இரண்டு ஸ்லாட்டில் ஒன்றில் மட்டும் ரேம் இருக்கிறது என்று காட்டியது. அப்படியும் மனசு கேட்கவில்லை. "ஒரு ரேம் ஸ்லாட் காலின்னு பில்லுல ஒரு வரி எழுதிக் கொடுங்க தம்பி" என்றேன். அவர் முதலாளிக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்து, "அதெல்லாம் எழுதறதில்லீங்ணா" என்றார்.

எழுந்து அடுத்த கடைக்குப் போனோம்.