ஏற்றத்தில் மட்டும் இழுவை போகும் டர்போ டீசல் பிக்கப்: சில வருஷ அனுபவம்

என்னிடம் இருப்பது 2.5 லிட்டர் காமன்ரெயில் டர்போ டீசல் பிக்கப், பிஎஸ்4 (புகை விதி) வண்டி. காமன்ரெயில் என்றால், பம்ப் அதிக அழுத்தத்தில் தள்ளுகிற டீசல் ரெயில் என்ற ஒரே குழாயில் தேங்கி, அங்கிருந்து இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கிற எல்லா இன்ஜெக்டருக்கும் போகும். மேலே போகும்போது உரம், சிமென்ட், மளிகை, இறங்கும்போது கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு என்று மேட்டுப்பாளையம் மண்டிக்கும் கோத்தகிரிக்கும் நடுவில்தான் அதன் பிழைப்பு. கம்பெனி பெயரை விட்டுவிடுகிறேன். நான் சொல்லப்போகிற கோளாறு எந்தக் காமன்ரெயில் வண்டிக்கும் வரும், பெயரைச் சொன்னால் பேச்சு முழுக்க அந்தப் பக்கம் போய்விடும்.

கோளாறு இதுதான். சமதளத்தில் ஒரு குறையும் கிடையாது, காலி வண்டியாக ஏறினாலும் குறை கிடையாது. லோடோடு குஞ்சப்பனை தாண்டி அரவேணு பக்கம் ஏறும்போது, செகண்ட் கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்திருக்கிற நேரத்தில், யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டிப் பிடித்த மாதிரி இழுவை போய்விடும். ஆர்பிஎம் 2500-ஐத் தாண்டாது. ஓரம் கட்டி, சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஏறும். செக் லைட் சில தடவை எரியும், சில தடவை எரியாது. பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே ஐடிலில் சமத்தாக நிற்கும், எவ்வளவு முறுக்கினாலும் தப்பு தெரியாது.

சாவியை அணைத்துப் போட்டதும் சரியாகிறது என்பதே பெரிய தடயம். இன்ஜினை நடத்துகிற இசியூ, தான் கேட்டது ஒன்று, கிடைப்பது வேறொன்று என்று கண்டுகொண்டால், மேற்கொண்டு சேதம் ஆகாமல் இருக்க டீசலையும் டர்போ அழுத்தத்தையும் குறைத்துவிடும். இதைத்தான் லிம்ப் மோட் என்கிறார்கள். ஆக, வண்டி நிஜமாகவே தளர்ந்தது ஒரு சில நொடிதான், அதற்கப்புறம் நாம் அனுபவிப்பதெல்லாம் இசியூ வைத்த கட்டுப்பாடு. தேட வேண்டியது அந்தச் சில நொடிக்கு முன்னால் என்ன நடந்தது என்பதை, அது பட்டறை ஷெட்டில் நடக்காது, மலையில் லோடோடுதான் நடக்கும். பொருள் மாற்றி மாற்றிப் பார்க்கிற வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனது இதனால்தான்.

காசே செலவில்லாத முதல் சோதனை புகை. பின்னால் பைக்கில் ஒருவரை வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் கிளீனரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். இழுவை போவதற்குச் சற்று முன்னால் கரும்புகை தள்ளினால், டீசல் வருகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை. அப்படியென்றால் டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவது, அந்த அழுத்தம்தான் பூஸ்ட்), பூஸ்ட் ஹோஸ், இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர வைப்பது), ஏர் ஃபில்டர், இஜிஆர் (புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுவது) பக்கம் போக வேண்டும். புகையே இல்லாமல் சத்தமில்லாமல் தளர்ந்தால் டீசல் போய்ச் சேரவில்லை, அல்லது ஏதோ ஒரு சென்சார் சொன்னதைக் கேட்டு இசியூவே வெட்டிவிட்டது. இது நூற்றுக்கு நூறு பொருந்தாது, ஏனென்றால் காற்று குறைந்தால் டீசலையும் குறைக்கிற புத்தி இந்த இசியூக்களுக்கு உண்டு. ஆனாலும் எந்தப் பக்கம் முதலில் கை வைப்பது என்று முடிவு பண்ண இது போதும்.

என் வண்டியில் முதல் தடவை வந்தபோது புகை இல்லை. ஸ்கேனரில் பி0087 என்று கோடு (இசியூ பதிந்து வைக்கிற கோளாறு எண்) இருந்தது, அதாவது ரெயில் அழுத்தம் வேண்டியதைவிடக் குறைவு. பார்த்த பட்டறையில், "தம்பி, ஹை பிரஷர் பம்ப் போயிருக்கும், இல்லைன்னா நாலு இன்ஜெக்டரும் மாத்தணும்" என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னார்கள், அந்தக் காசுக்கு நல்ல பைக்கே வாங்கலாம். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணா, முதல்ல ரிட்டர்ன் அளந்து பார்த்துடலாமா?" ரிட்டர்ன் என்பது இன்ஜெக்டரில் மிஞ்சித் திரும்பி வருகிற டீசல். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் ட்யூபையும் கழற்றி நாலு ஒரே மாதிரி பாட்டிலில் விட்டு, சில நிமிஷம் ஐடிலில் ஓட்டினால், உள்ளே தேய்ந்துபோன இன்ஜெக்டரின் பாட்டில் மட்டும் சீக்கிரம் நிரம்பும். நாலும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தது. இன்ஜெக்டர் பேச்சு அத்தோடு முடிந்தது. (இது ரிட்டர்ன் லைன், அழுத்தம் குறைவு. ஹை பிரஷர் பைப் நட்டை மட்டும் இன்ஜின் ஓடும்போது தளர்த்தவே கூடாது. ஆயிரம் பார் அழுத்தத்துக்கு மேல் போகும் டீசல் ஊசியாகத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அது ஆஸ்பத்திரி கேஸ், விரலே போகலாம்.)

அப்புறம் ஈஎல்எம் 327 என்கிற மலிவு ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றை மாட்டி, போனில் பதிவு ஓட விட்டு லோடோடு ஏறினேன். ஐடிலில் ரெயில் அழுத்தம் 300 பார் ஒட்டி நின்றது. முழு மிதியில் இசியூ 1400 பார் கேட்கிறது, கொஞ்ச தூரம் கிடைக்கிறது, பிறகு 1200, 1000, 800 என்று படிப்படியாகச் சரிகிறது, அப்புறம் லிம்ப். இந்தச் சரிவு எப்படி இருக்கிறது என்பதை நன்றாகப் பாருங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் பம்புக்கு வந்து சேருகிற டீசல் போதவில்லை என்று அர்த்தம். ஒரே நொடியில் நம்பவே முடியாத எண்ணுக்குத் தாவி, உடனே பழைய இடத்துக்கு வந்தால் அது சென்சார் அல்லது ஒயரிங். ஒயர் கட்டு எங்கேயாவது பிராக்கெட்டில் உரசித் தோல் போயிருக்கும், இன்ஜினை ஓட விட்டு அந்தக் கட்டை அங்கங்கே ஆட்டிப் பார்த்தால் சிக்கும்.

இந்த வண்டியில் டேங்குக்குள் மோட்டார் பம்ப் கிடையாது, முன்னால் இருக்கிற பம்ப்தான் டீசலை உறிஞ்சி எடுக்க வேண்டும். உறிஞ்சுகிற லைனில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டுகூட இருக்காது, அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் டீசல் தாங்குகிற, உள்ளே ஓடுவது தெரிகிற கண்ணாடி ட்யூப் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஐடிலில் எப்போதாவது ஒரு குமிழி. முறுக்கினால் நுரை. அதே ட்யூபை ஃபில்டருக்கு முன்னால், டேங்கிலிருந்து வருகிற பக்கத்தில் மாற்றிப் போட்டால் சுத்தமான டீசல், குமிழியே இல்லை. ஆக, காற்று நுழைவது ஃபில்டர் ஹவுசிங்கில்தான். அதன் தலையில் கையால் அமுக்கி ஏர் எடுக்கிற பம்ப் இருக்கிறதே, அதன் ரப்பர் விறைத்துப்போய் சீல் பிடிக்காமல் இருந்தது. ஹவுசிங்கை மாற்றினேன், அந்தக் கோளாறு அன்றோடு போனது.

இதில் பலரை ஏமாற்றுகிற ஒரு விஷயம் இருக்கிறது. நடுவில் டீசல் ஃபில்டரை மாற்றியபோது வண்டி கொஞ்ச நாள் அருமையாக இழுத்தது, பிறகு பழையபடி ஆனது. "டீசல் சரியில்ல, பங்க்கை மாத்துங்க" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நடந்தது வேறு. புது ஃபில்டரில் தடை குறைவு, பம்ப் லேசாக உறிஞ்சினாலே டீசல் வந்துவிடும், அந்த லேசான உறிஞ்சலுக்கு ரப்பர் காற்று விடவில்லை. ஃபில்டரில் அழுக்கு சேரச் சேர இன்னும் பலமாக உறிஞ்ச வேண்டியிருக்கிறது, காற்று நுழைய ஆரம்பிக்கிறது. ஃபில்டர் மாற்றியதும் சரியாகி, பிறகு திரும்ப வருகிற வண்டி எதுவானாலும் காற்றுக் கசிவைத் தேடாமல் விடாதீர்கள்.

இரண்டாவது தடவை அதற்கப்புறம் ஒரு மழைக்காலத்தில். அதே ஏற்றம், அதே தளர்ச்சி, சாவி போட்டால் அதே மாதிரி சரியாகிறது. டிரைவர் போனில், "அண்ணா, பழைய வியாதி வந்துருச்சுங்க" என்றார். ஆனால் இந்தத் தடவை தளர்வதற்கு முன் கரும்புகை இருந்தது, கோடும் பி0299, டர்போ அழுத்தம் போதவில்லை என்று. ரெயில் அழுத்தம் கேட்டபடி கிடைத்துக்கொண்டிருந்தது. மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போகிற காற்றின் அழுத்தத்தை அளப்பது) எண் மட்டும் 200 கிலோபாஸ்கல் பக்கத்தில் இருக்க வேண்டிய இடத்தில் 130-ஐத் தாண்டவில்லை.

மேப் சென்சாரைப் பற்றி மலையில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துத்தான். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போட்டுப் பார்த்தால் மேட்டுப்பாளையத்தில் 97 கிலோபாஸ்கல் வாக்கில் காட்டும். ஊட்டி 2240 மீட்டர் உயரம், அங்கே அதே வண்டி 77, 78தான் காட்டும். இப்படிக் காட்டினால் சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. கீழே எடுத்த எண்ணை மேலே எடுத்த எண்ணோடு ஒப்பிட்டு டர்போவைக் குறை சொல்லக் கூடாது. மேலே காற்று மெலிது, அதே அழுத்தம் கொடுக்க டர்போ அதிகம் சுற்ற வேண்டும். கீழே மறைந்து கிடக்கிற சின்னக் கசிவு மேலே போனதும் வெளியே வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கசிவைப் பிடித்த கதை சின்னதுதான். என் வண்டியில் டர்போவின் உள்ளே இருக்கும் இதழ்களை மூடித் திறப்பது வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம். வேக்குவம் இருந்தால் இதழ் மூடி பூஸ்ட் ஏறும், இல்லையென்றால் திறந்தே கிடக்கும். ஸ்டார்ட் பண்ணியதும் இதழை அசைக்கிற ஆக்சுவேட்டர் ராடு இழுத்துக்கொள்வதையும், அணைத்ததும் விட்டுவிடுவதையும் கண்ணாலேயே பார்க்கலாம். குளிர்ந்த இன்ஜினில் ராடு ஒழுங்காக வேலை செய்தது. நன்றாகச் சூடேறியதும் பாதிதான் இழுத்தது. கை வேக்குவம் பம்பை ஆக்சுவேட்டரில் போட்டுப் பிடித்தால் முள் இறங்காமல் நின்றது, எனவே அதற்குள் இருக்கிற டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) நல்லது. மிச்சமிருந்தது டர்போ பக்கத்தில் வெந்து வெந்து விறைத்த வேக்குவம் ஹோஸ், சொலினாய்டு (இசியூ சொல்படி வேக்குவத்தை விடுகிற மின் வால்வு) முனையில் கீறல். டீக்காசில் வாங்கின ஒரு துண்டு ஹோஸில் முடிந்தது. டர்போவையே மாற்றச் சொல்லியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று நான் கணக்குப் போடவில்லை.

இதுவே பூஸ்ட் கேட்டதைவிட மேலே எகிறி, பி0234 வந்து லிம்ப் ஆனால் கதை வேறு. அப்போது இதழ்கள் கரி பிடித்து மூடிய நிலையிலேயே மாட்டிக்கொள்கின்றன. டர்போவைக் கழற்றிச் சுத்தம் பண்ண வேண்டியிருக்கும். இன்டர்கூலர் ஹோஸில் லேசாக ஆயில் ஈரம் இருந்தால் பதற வேண்டாம், அது எல்லா டர்போவிலும் இருப்பதுதான். ஈரமும் புழுதியும் ஒரே இடத்தில் சேர்ந்து கோடு போட்டிருந்தால் அங்கே ஹோஸ் அழுத்தத்தில் மட்டும் வாய் திறக்கிறது.

மற்ற காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வரவில்லை, மண்டியில் நிற்கும் மற்ற வண்டிகளில் பார்த்தது. டேங்க் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. மூடியைத் தளர்த்தி வைத்து ஏறிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆக்சிலேட்டர் பெடலில் இரண்டு சென்சார் இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இசியூ காலை நம்பாது. இஜிஆர் வால்வு கரியில் திறந்தபடி சிக்கினால் கரும்புகையோடு தளரும். இதற்குத் தகடு வைத்து அடைக்கிற ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, செக் லைட்டும் எரியும், அப்புறம் நிஜமான கோடு எது என்றே தெரியாமல் போகும். பிஎஸ்6 வண்டியென்றால் டிபிஎஃப் (புகையில் இருக்கும் கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) அடைப்பும் சேர்ந்துகொள்ளும். உள்ளே சேர்ந்த கரி எரிய 600 டிகிரி வாக்கில் சூடு வேண்டும், ஊருக்குள்ளேயே குட்டிக் குட்டி டிரிப் அடிக்கிற வண்டிக்கு அந்தச் சூடு கிடைக்காது.

வாங்கின சாமான்களில் எது உழைத்தது என்று கேட்டால், முதலிடம் கண்ணாடி ட்யூபுக்கு, அடுத்தது கை வேக்குவம் பம்ப். மலிவு ஸ்கேனர் மூன்றாவது. அது நல்லதுதான், ஆனால் ஒரே நேரத்தில் பத்து எண்ணைக் காட்டச் சொன்னால் ஒவ்வொன்றும் மெதுவாகி, நாம் தேடுகிற நொடி இடையில் தொலைந்துவிடும். ரெயில் அழுத்தம், மேப், பெடல், ஆர்பிஎம், இந்த நாலு மட்டும் போதும். இன்னொன்று, சாதாரண ஆப்களில் பல வண்டிக்குக் கிடைத்த ரெயில் அழுத்தம் மட்டும்தான் வரும், இசியூ கேட்ட அளவு வராது. என் வண்டிக்கு அந்த எண்ணைத் தனியாகச் சேர்க்க முடிந்தது. முடியாதவர்கள் பெரிய ஸ்கேனர் வைத்திருக்கிறவரைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை லோடோடு ஏறுவது நல்லது. கோளாறு எண்ணை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேமை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், கோளாறு பதிவான நொடியின் ஆர்பிஎம், லோடு, சூடு எல்லாம் அதில் இருக்கும். பட்டறையில் முதல் வேலையாக அதைத்தான் அழிப்பார்கள்.

ஹவுசிங் மாற்றியதிலிருந்து டீசல் ஃபில்டரைப் புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டருக்கு முன்னாலேயே மாற்றிவிடுகிறேன், மழைக்காலத்தில் அடியில் தேங்குகிற தண்ணீரையும் அடிக்கடி திறந்து விடுகிறேன். டேஷ்போர்டில் ஒரு மீட்டர் வேக்குவம் ஹோஸும் நாலைந்து கிளிப்பும் கிடக்கின்றன. இழுவை திரும்பப் போகவில்லை. கிளட்ச்தான் இப்போது லோடில் வழுக்க ஆரம்பித்திருக்கிறது. அதையும் டிரைவர் இழுவை இல்லை என்றுதான் சொல்கிறார், ஆனால் இதில் ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. லிம்ப்பில் ஆர்பிஎம்மே ஏறாது. கிளட்ச் தகட்டை அடுத்த மாதம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.