"அரிய ரகம்" என்று வரும் வைன் பெட்டி: சுங்கை சிப்புட் வட்டாரத்தாருக்கு ஓர் எச்சரிக்கை

தீபாவளியை ஒட்டி மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றியது. கடையில் கிடைக்காத ஆறு திராட்சை ரகங்கள், ஆறு போத்தல், பெட்டி 240 வெள்ளி (ரிங்கிட்), வீட்டு வாசலில் கொண்டுவந்து தரப்படும். அந்தப் பெட்டியைக் கூட்டாகப் பணம் போட்டு வாங்கினோம். ஐந்து போத்தல்கள் தேறவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் விற்றவர் எண்ணை மாற்றிவிட்டார். அதே பெட்டி நாளை வேறு பெயரில் பீடோரிலோ தாப்பாவிலோ வரக்கூடும். சரக்கைப் பார்க்கத் தெரிந்தால் யார் கொண்டுவந்தாலும் பிடித்துவிடலாம் என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

இந்த வியாபாரம் ஓடுவதற்கு ஒரே காரணம், வாங்குகிறவர் அசலைக் குடித்ததில்லை. ஷிராஸ் போல எங்கும் கிடைக்கும் சிவப்பு வைன் கெட்டுப்போயிருந்தால் பழகிய நாக்கு சொல்லிவிடும். சப்பெராவி எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாதவரிடம் நிறம் வெளுத்திருந்தாலும் புளித்திருந்தாலும் ஒரே பதில்தான்: "அண்ணே, இந்த ரகமே இப்படித்தான் லா." ஆனால் ஒவ்வொரு ரகத்துக்கும் மாற்றவே முடியாத குணம் ஒன்றிரண்டு உண்டு. இந்தப் பெட்டியில் வந்தவை அந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டன.

முதலில் சப்பெராவி. ஜார்ஜியா நாட்டு ரகம். பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளைப் பிதுக்கினால் சாறு வெளுப்பாக வரும். நிறம் தோலிலிருந்து இறங்குகிறது. சப்பெராவிக்குச் சதையே சிவப்பு. அதனால் இள வைன் கண்ணாடிக் கிளாசில் மை போல நிற்கும், பின்னால் விரலை வைத்தால் தெரியாது, பல்லில் கறை பிடிக்கும், புளிப்பும் தூக்கலாக இருக்கும். பிரான்சில் உருவாக்கப்பட்டு இன்று போர்ச்சுகலில் நிறைய விளையும் அலிகாந்தே புஷேவும் இதே குணம் கொண்டது. பெட்டியில் வந்த "சப்பெராவி"யைக் கிளாசில் ஊற்றி லேபிளின் மேல் பிடித்தால் எழுத்தைப் படிக்க முடிந்தது. ரோஸ் சிரப்பின் சிவப்பு, நாக்கில் வெறும் இனிப்பு. இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: ஜார்ஜிய லேபிள்களில் காணும் முக்குசானி, கிண்ட்ஸ்மராவுலி எல்லாம் இடப்பெயர்கள், ரகம் சப்பெராவிதான். முக்குசானி இனிப்பில்லாதது, கிண்ட்ஸ்மராவுலி பெரும்பாலும் அரை இனிப்பு. ஆகவே இனிப்பாக இருப்பது மட்டும் குற்றமில்லை. இனிப்பாகவும் வெளுப்பாகவும் இருப்பது குற்றம்.

சாயம் கலந்திருக்கிறதா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. வெள்ளைப் பீங்கான் தட்டில் இரண்டு மேசைக்கரண்டி சிவப்பு வைன், அதே அளவு தண்ணீர், கால் தேக்கரண்டி ஆப்பச் சோடா. நுரைத்து அடங்கட்டும். திராட்சைத் தோலின் இயற்கை நிறமி புளிப்பில் சிவப்பாக இருக்கும். சோடாவின் காரத்தன்மை பட்டதும் கருநீலத்துக்கோ பச்சை கலந்த சாம்பலுக்கோ திரும்பிவிடும். செயற்கைச் சிவப்புச் சாயம் பெரும்பாலும் அசையாது. இந்தச் "சப்பெராவி" சோடா போட்ட பிறகும் பாதிக்குமேல் சிவப்பாகவே நின்றது. ஆனால் இந்தச் சோதனையை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். ரோசெல் பூச்சாறோ மலிவான திராட்சைச் சாறோ கலந்திருந்தால் அதுவும் நிறம் மாறும். மாறாவிட்டால் கண்டிப்பாகச் சந்தேகப்படலாம். மாறிவிட்டால் அசல் என்று ஆகிவிடாது. போத்தலைப் பற்றி வேறு சந்தேகம் இருந்தால் சோதித்த வைனை வாயில் வைக்காதீர்கள்.

அடுத்தது கிரேக்கத்துச் சந்தோரினித் தீவின் அசிர்டிகோ. வெள்ளை ரகம். வெயில் கொளுத்தும் எரிமலை மண்ணில் விளைந்தும் புளிப்பை இழக்காது, அதுதான் அதன் பெருமை. எலுமிச்சையும் உப்புக் காற்றும் சேர்ந்தாற்போல் இருக்கும். வந்ததோ தேநீர் நிறம். கேட்டால், "இது ஆரஞ்சு வைன்ணே, புது ஃபேஷன்." இந்தப் பதிலில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் ஆரஞ்சு வைன் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. வெள்ளைத் திராட்சையைத் தோலோடு ஊறவைத்துச் செய்வது. ஜார்ஜியாவில் மண்ணில் புதைத்த குவெவ்ரி ஜாடியில் ர்கட்சித்தேலி ரகத்தை இப்படிச் செய்கிறார்கள், அந்த முறையை யுனெஸ்கோ 2013இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அது தோலோடு ஊறியதால் கட்டாயம் துவர்க்கும், ஈறைப் பிடிக்கும். வெப்பத்தில் கெட்ட வெள்ளை வைனுக்கும் அதே நிறம் வரும். ஆனால் துவர்ப்பு இருக்காது. வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிள் வாடை அடிக்கும். நிறம், ஆனால் பிடிப்பில்லை என்றால் அது வெந்துபோன சரக்கு.

எப்படி வெந்தது என்பதைத் தக்கையே காட்டியது. கழுத்து உறையைக் கீறி எடுத்ததும் தக்கை போத்தல் வாயைவிட ஓர் அரிசி உயரம் மேலே துருத்தி நின்றது. உறையின் உட்புறம் பிசுபிசுப்பு, தக்கையின் பக்கவாட்டில் மேல்வரை ஓடிய பழுப்புக் கோடு. சூட்டில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளும், ஓரமாகக் கசியும். ஆறியதும் உள்ளே சுருங்கும்போது காற்றை இழுத்துக்கொள்ளும். நம் பக்கம் மதியம் 33 பாகை போகிறது, வெயிலில் நிற்கும் கார் பின்பெட்டிக்குள் அதைவிட எவ்வளவோ அதிகம். 30 பாகையைத் தாண்டி நாள்கணக்கில் கிடந்தால் நல்ல வைனும் போய்விடும். வாங்கும்முன் உறையை விரலால் திருகிப் பாருங்கள். சுற்றாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் கசிந்திருக்கலாம். மேல்தளம் மேடிட்டிருந்தால் தொடவே வேண்டாம். வீட்டிலும் தகரக் கூரைக்குக் கீழே சமையலறை அலமாரியைவிட ஐஸ்பெட்டியின் அடித்தட்டு மேல்; சிவப்பை 20 நிமிடம் முன்னால் வெளியே எடுத்தால் போதும்.

மற்ற மூன்றையும் திறக்கவே தேவையில்லை, லேபிளே காட்டிக்கொடுத்தது. "சிலி, கார்மெனேர், 1989" என்று ஒன்று. சிலியில் இந்த ரகத்தைப் பல தலைமுறையாக மெர்லோ என்றே நினைத்திருந்தார்கள். பிரெஞ்சு ஆய்வாளர் ழான்-மிஷேல் புர்சிக்கோ 1994இல்தான் அது கார்மெனேர் என்று கண்டுபிடித்தார். 1989 அறுவடைக்கு அந்தப் பெயரில் சிலி லேபிள் இருக்க வழியே இல்லை. (ரகம் மாறிப்போவது எல்லாமே மோசடி என்றும் சொல்லிவிட முடியாது. ஆஸ்திரேலியாவில் அல்பரீன்யோ என்று நட்டு வளர்த்தது சவன்யான் என்று 2009இல் தெரியவந்தது. அந்த விவசாயிகள் யாரையும் ஏமாற்றவில்லை, வைனும் நன்றாகவே இருந்தது.)

இன்னொன்று இத்தாலியின் தவுராசி, அலியானிக்கோ ரகம். அறுவடைக்குப் பிறகு குறைந்தது 3 ஆண்டு, அதில் 1 ஆண்டு மரப்பீப்பாயில் இருந்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம். வந்த போத்தலின் அறுவடை ஆண்டோ போன வருடம். தவுராசி சேர்ந்த உயர்தர வகுப்பு (DOCG) இத்தாலிய வைன்களின் கழுத்தில் எண் அச்சிட்ட அரசு முத்திரைத் தாள் ஒட்டியிருக்கும். அதுவும் இல்லை.

மூன்றாவது ஆஸ்திரேலியக் கலவை. முன்பக்கம் "மூர்வேத்ர், சிராஸ், கிரெனாஷ்". பின்பக்கம் கிரெனாஷ் 60, சிராஸ் 30, மூர்வேத்ர் 10 விழுக்காடு. ஆஸ்திரேலியச் சட்டப்படி கலவையில் அதிகமான ரகத்தின் பெயர் முதலில் வர வேண்டும். ஒரே ரகத்தின் பெயர் மட்டும் போட்டால் அது குறைந்தது 85 விழுக்காடு இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதே 85தான். கலவைகளைத் தேடிக் குடிக்கிறவர்கள் இந்த இரண்டு விதியையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வது நல்லது. மூர்வேத்ரையே ஸ்பெயினில் மொனஸ்ட்ரெல் என்றும் ஆஸ்திரேலியாவில் மட்டாரோ என்றும் போடுவார்கள், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஆறாவது போத்தல் அசல்: திருகு மூடி போட்ட தென்னாப்பிரிக்கப் பினோட்டாஜ், 1925இல் பினோ நுவார், சின்சோ என்ற இரண்டு ரகங்களைக் கலப்பினம் செய்து உண்டாக்கிய ரகம். வாங்கும்முன் விற்றவர் ருசி பார்க்கக் கொடுத்ததும் அதே வைன்தான். ருசி பார்ப்பதானால் வாங்கப்போகும் பெட்டியிலிருந்து நீங்கள் கைகாட்டும் போத்தலைத் திறக்கச் சொல்லுங்கள்.

விலையையும் கணக்குப் போடுங்கள். 2016 மார்ச்சில் வைன் கலால் வரி, தூய ஆல்கஹால் லிட்டருக்கு 150 ரிங்கிட் என்று ஆனது. அந்தக் கணக்கிலேயே 13.5 விழுக்காடு கொண்ட 750 மில்லி போத்தலுக்குக் கலால் மட்டும் 15 ரிங்கிட்டுக்கு மேல். இறக்குமதி வரி, கப்பல் கூலி, கடை லாபம் எல்லாம் அதற்குப் பிறகு. 40 வெள்ளிக்குத் தவுராசியோ சந்தோரினியோ வராது. சட்டப்படி வந்த போத்தலில் சுங்கத்துறையின் வரி முத்திரை, இறக்குமதியாளரின் மலேசிய முகவரி, "மெமினும் ஆராக் போலே மெம்பஹாயாகான் கெசிஹாத்தான்" (மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கலாம்) என்ற எச்சரிக்கை வாசகம், இம்மூன்றும் இருக்கும். வரி கட்டாத சரக்கை வைத்திருப்பதே குற்றம். அகப்பட்டால் வாங்கியவருக்கும் வழக்கு உண்டு.

முத்திரையும் இல்லை, மூடியும் திறந்து மூடியதுபோல் இருக்கிறது என்றால் ருசிகூடப் பார்க்காதீர்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவால் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது நம்மவர்களுக்கு நன்றாகத் தெரியும். மெத்தனாலை நாக்கும் மூக்கும் பிரித்தறியாது. குடித்து அரை நாள், ஒரு நாள் கழித்துக்கூட வாந்தி, கடும் தலைவலி, பார்வை மங்கல் வரலாம். போதை தெளியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், மீதி போத்தலையும் கொண்டுபோங்கள்.

பணத்தை மீட்கப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்கு 5 ரிங்கிட் கட்டணம், 3 ஆண்டுக்குள் பதிய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் கேட்பார்கள். ஆகவே பணம் அனுப்பும்முன் ரசீது கேளுங்கள், வங்கிக் கணக்கில் வரும் பெயரைப் படமெடுத்து வையுங்கள், புலன உரையாடலை அழிக்காதீர்கள். வரி முத்திரை இல்லாத போத்தலைப் பற்றிச் சுங்கத்துறைக்குத் தகவல் கொடுங்கள். காலிப் போத்தல், தக்கை, கழுத்து உறை, பெட்டி அட்டை எதையும் குப்பையில் போட வேண்டாம். லேபிளில் உள்ள லாட் எண் (ஒரே தொகுதியாக நிரப்பிய போத்தல்களின் அடையாள எண்) அதிகாரிகளுக்குத் தேவைப்படலாம்.