சர்க்கரைக்காரர் காலுக்கு எம்.ஆர்.ஐ.: நெல்லையில் தெரிந்துகொண்டவை

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு ஊர் வரும் சர்க்கரைக்காரர்கள் நெல்லையப்பர் கோயில் கல்தரையில் உச்சிவெயிலில் வெறுங்காலோடு சுற்றுகிறார்கள். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் உடைந்து, கிருமி உள்ளே இறங்கி, தசையைப் போர்த்தியிருக்கும் உறையை அழுக வைத்துக்கொண்டே ஓடினால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து.

தோலில் தெரியும் சிவப்பை விட வலி பல மடங்கு அதிகம், சிவப்பைத் தாண்டி வீக்கம், கருநீலக் கொப்புளம், தொட்டால் நறநறப்பு, காய்ச்சலோடு மயக்கம்: இவை இருந்தால் ஸ்கேன் சென்டர் தேடி வண்ணார்பேட்டைப் பக்கம் அலையவே வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே முதல் வேலை ஆபரேஷன்தான். பிரஷர் இறங்கிய ஆளை முக்கால் மணி நேரம் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்க வைப்பது பெரிய தப்பு. அவசரத்துக்கு சி.டி. ஸ்கேன் வேகமானது, திசுவுக்குள் இருக்கும் காற்றையும் அதுதான் நன்றாகக் காட்டும்.

ஆள் நிதானமாக இருந்து, மேல்தோல் தொற்றா ஆழத்தில் இறங்கியதா என்ற சந்தேகம் மட்டும் இருந்தால் எம்.ஆர்.ஐ. கைகொடுக்கும். கொழுப்பை மறைத்து எடுக்கும் டி2 அல்லது ஸ்டிர் என்ற எம்.ஆர்.ஐ. பட வகையில் ஆழ்ந்த உறை வெள்ளையாக மின்னுகிறதா, தடிப்பு 3 மி.மீ. அல்லது அதற்கு மேலா, எத்தனை தசைப் பகுதிகளில் என்று பார்ப்பார்கள். அந்த உறை சுத்தமாக இருந்தால் பெரிய நிம்மதி. மின்னினால் மட்டும் அழுகல் என்று முடிவு கட்ட முடியாது. அடிபட்ட வீக்கத்திலும் அப்படித் தெரியும். படத்தில் நிறம் ஏற்றிக் காட்டும் காடோலினியம் ஊசி போட்டும் உறை நிறம் ஏறாவிட்டால் அங்கே ரத்த ஓட்டம் செத்திருக்கலாம். ஊசிக்கு முன் சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். அதிலிருந்து கணக்கிடும் சிறுநீரக வடிகட்டும் அளவு (இ.ஜி.எஃப்.ஆர்.) 30-க்குக் கீழே என்றால் ஊசி அவசியந்தானா என்று டாக்டர்தான் முடிவெடுக்க வேண்டும். ஊசி இல்லாமலும் ஸ்டிர் படம் நிறையச் சொல்லும்.

நம்மூரில் தாமதமாவது பெரும்பாலும் வாசலில்தான். வீங்கிய விரலில் மெட்டி இறுகிக்கிடக்கும்; வெட்டித்தான் எடுக்க வேண்டும். அரைஞாண் கொடி, தாலிக்கயிற்றில் மாட்டிய ஊக்கு, தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றுங்கள். வெளிநாட்டில் கையில் ஒட்டிய சர்க்கரை சென்சார், இன்சுலின் பம்ப், பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் ‘வீக்கம் உள்ளது’ என்று மட்டும் இருந்தால் விடாதீர்கள். ஆழ்ந்த உறை எப்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஃபிலிம் மட்டும் போதாது, படங்கள் பதிந்த குறுந்தட்டும் வாங்குங்கள், திரும்பிப் போனதும் அங்குள்ள டாக்டர் அதைத்தான் கேட்பார்.