தேயிலையில் பாதி எழுத்து: நூற்பட்டியலில் தேட எந்த முறை?

இலங்கை மலையக வரலாறு எழுதுவதற்காக ஹட்டனில் இருந்தபடி நான் சேர்த்துவரும் பிப்டெக்ஸ் (நூற்பட்டியல் வடிவக்) கோப்பில் 800க்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. ஈமேக்ஸ் என்ற உரைத்தொகுப்பியில் மேற்கோள் தேடும் நீட்சியைத் திறந்து நாலு எழுத்துத் தட்டினால் பட்டியல் சுருங்கும். பொருந்திய இடம் நிறம் மாறும். ஒரு வரி ஏன் வந்தது என்பதற்கு அந்த நிறம் ஒன்றே சாட்சி. ஆகவே எந்தத் தேடல் முறை அதிகம் கண்டுபிடிக்கிறது என்பதைவிட, எது சரியாகக் காட்டுகிறது என்றே பார்க்கிறேன்.

தட்டியதை அப்படியே தொடராகத் தேடும் சப்ஸ்ட்ரிங் முறையில் நிறம் ஒரே துண்டாக விழும். ஆனால் 'வேலுப்பிள்ளை, சி. வி.' என்று பதிந்த எழுத்தாளரை, 'சி. வி. வேலுப்பிள்ளை' என்று தலைப்பெழுத்தில் தொடங்கித் தேடினால் கிடைக்கமாட்டார். நம் பெயர்களுக்கு அது சரிப்படாது.

ஈமேக்ஸ் 27இல் வந்த ஃபிளெக்ஸ் என்ற முறை, எழுத்துகள் வரிசையாக இருந்தால் போதும், இடையில் எது வந்தாலும் பரவாயில்லை என்று விடுகிறது. தமிழுக்கு இதில் ஒரு நன்மை உண்டு. 'வலபள' என்று குறியில்லா எழுத்துகளை மட்டும் தட்டினாலே வேலுப்பிள்ளை வந்து நிற்பார். கொம்பு, கால், புள்ளி போன்ற துணைக்குறிகளை அது தாண்டிப் போய்விடும். ஆனால் குறி விடுபட்டால்தான் பொறுக்கும், மாறினால் பொறுக்காது: 'நுவரேலியா' என்று தட்டினால் 'நுவரெலியா' வராது. நிறமோ நீண்ட தலைப்பு முழுவதும் புள்ளி புள்ளியாகச் சிதறுகிறது. தொடர்பில்லாத பத்து வரிகளும் அதே புள்ளிகளோடு வருவதால் கண் களைத்துப்போகிறது.

மூன்றாவது முறையான ஆர்டர்லெஸ் நான் தட்டுவதை இடைவெளியில் பிரித்து, துண்டுகளை எந்த வரிசையிலும் தேடுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் தனி நிறம். நான்கு நிறங்கள் சுழற்சியில் வரும். 1948ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய கட்டுரைகளில் சிலர் பிரஜாவுரிமை என்கிறார்கள், சிலர் குடியுரிமை என்கிறார்கள். 'உரிமை' என்று தேடினால் இரண்டுமே வராது. புணர்ச்சியில் உகரம் வுகரமாகவும் யுகரமாகவும் மாறிவிட்டது. 'ரிமை 1948' என்று தட்டினால் இரண்டும் வருகின்றன, சொல் ஒரு நிறத்திலும் ஆண்டு இன்னொரு நிறத்திலும். ஹட்டன், அட்டன் என்ற இரு வழக்குக்கும் 'ட்டன்' போதும். என் தேர்வு இதுதான்.

இருந்தாலும் இரண்டு குறைகள் எந்த முறையிலும் மிஞ்சுகின்றன. 'தேயில' என்று தட்டினால் 'தேயிலை' பொருந்தும். பொருத்தம் லகரத்தோடு முடிந்துவிடும்; நிறம் பாதி எழுத்தோடு நிற்கும். அதற்குரிய ஐகாரக் குறி, நினைவகத்தில் லகரத்துக்குப் பின்னால் இருந்தாலும், திரையில் அதற்கு முன்னால் நிற்கிறது! கணினி எண்ணுவது குறியெண்களை (எழுத்துக்கும் குறிக்கும் யுனிகோடு தரும் தனித்தனி எண்களை), நாம் வாசிப்பது எழுத்துகளை. நிறமிடும் முன் பொருத்தத்தின் முடிவைப் பார்த்து, அடுத்த குறியெண் தமிழ்த் துணைக்குறிகளுக்குரிய 0BBE முதல் 0BCD வரை உள்ளதாகவோ 0BD7 ஆகவோ இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆர்டர்லெஸில் இதனால் ஒரு துண்டின் ஓரத்தில் ஓர் எழுத்து முழுமையாகும், அவ்வளவுதான். ஃபிளெக்ஸிலோ சொல்லின் பெரும்பகுதி நிறமாகி, எதைத் தாண்டிப் பொருத்தியது என்ற செய்தியே மறைந்துவிடும்.

கொட்டகலையின் 'கொ'வும் இப்படித்தான். கொம்பும் காலும் ஒரே குறியெண்ணாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். பார்வைக்கு வேறுபாடில்லை, தேடலுக்கு வேறு வேறு. இரண்டையும் ஒரே வடிவாக்க, ஈமேக்ஸிலேயே உள்ள இயல்பாக்கக் கட்டளையைக் கோப்பு முழுவதும் ஒருமுறை ஓட்டினால் தீர்ந்தது.

இரண்டாவது குறைதான் என்னை அதிகம் வருத்துகிறது. ஆய்வுக்கு உதவி கேட்டு வந்த மாணவி 'லயன்' (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) என்று தட்டினாள். நிறமே இல்லாத ஒரு வரி வந்தது. "இது ஏன் சேர் வந்தது?" என்று கேட்டாள். வெட்டப்பட்ட தலைப்பின் மூன்று புள்ளிகளுக்கு அடியில் அந்தச் சொல் இருந்தது. மறைந்த பகுதியிலும் தேடுவது நல்லது. ஆனால் பொருந்திய துண்டை வரியின் ஓரத்தில் எடுத்துக் காட்ட வேண்டும். அந்த வசதி வரும்வரை பட்டியலின் தலைப்பு நெடுவரிசையை அகலமாக்கி, பதிவு வகை நெடுவரிசையை எடுத்துவிட்டேன். அவளுடைய மடிக்கணினியிலும் அப்படியே அமைத்துக் கொடுத்திருக்கிறேன்.