நண்பர்களோடு நியூவெல் நெடுஞ்சாலை: கேரவனா, மோட்டார்ஹோமா?

ஆஸ்திரேலியாவின் நியூவெல் நெடுஞ்சாலை விக்டோரியா எல்லையில் டோகம்வாலில் தொடங்கி, குயின்ஸ்லாந்து எல்லையில் கூண்டிவிண்டி வரை 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வழியெல்லாம் ஜெரில்டெரி, நரண்டேரா, பார்க்ஸ், கூனபாரப்ரன் என்று நின்று பார்க்க வேண்டிய ஊர்கள். இதே பாதையில் நண்பர் குடும்பங்களோடு ஒரு தடவை வாடகை மோட்டார்ஹோமிலும் (வீடும் வண்டியும் ஒன்றாக இருப்பது), இன்னொரு தடவை காருக்குப் பின்னால் கேரவனை (இஞ்சின் இல்லாத சக்கர வீடு) இழுத்துக்கொண்டும் போயிருக்கிறேன். இனி போவதென்றால் எனக்குக் கேரவன்தான். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் மோட்டார்ஹோமின் நல்ல பக்கம். ஓட்டுவது சுலபம். மொத்த எடை 4.5 டன்னுக்குள் இருந்தால் சாதாரண கார் உரிமமே போதும். ரிவர்ஸ் எடுக்கும் தலைவலி இல்லை. மழையில் போய்ச் சேர்ந்தாலும் இறங்காமலே பின்னால் போய் அடுப்பைப் பற்ற வைக்கலாம். ஒவ்வொரு இரவும் ஒவ்வோர் ஊர் என்று ஓடுபவர்களுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை.

நின்றுவிட்டால்தான் சிக்கல். எங்களுக்கு ஒரு காலையில் பால் தீர்ந்துவிட்டது. மின்கம்பியைக் கழற்றி, பந்தலைச் சுருட்டி, அலமாரிக் கதவுகளைத் தாழிட்டு, சமையல் மேடையில் இருந்த டம்ளர்களைத் தொட்டிக்குள் இறக்கி, சக்கரத்துக்கு அடியில் மட்டம் பார்த்து வைத்த கட்டைகளை எடுத்து... ஒரு போத்தல் பாலுக்காக வீட்டையே கிளப்ப வேண்டியிருந்தது. அதுவரை தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளும் எழுந்தாயிற்று. ஒருவர் தேவைக்கு எல்லோரும் நகர வேண்டும். நண்பர்களோடு போகும்போது இது நாளுக்கு நாள் மனதை உரசும்.

கேரவனைக் கழற்றிவிட்டால் கார் நம் கையில். கூனபாரப்ரனில் இதன் அருமை நன்றாகவே தெரிந்தது. பக்கத்தில் இருக்கும் வாரம்பங்கிள் தேசியப் பூங்கா 2016-இல் ஆஸ்திரேலியாவின் முதல் இருள்வான் பூங்காவாக (செயற்கை வெளிச்சம் கெடுக்காத வானம் உள்ள இடம்) அறிவிக்கப்பட்டது. மலைப்பாதையில் ஏறினால் சைடிங் ஸ்பிரிங் வானாய்வகம். கேரவன்களை ஊரில் விட்டுவிட்டு, விருப்பப்பட்டவர்கள் மட்டும் ஒரு காரில் போனோம். மற்றவர்கள் சமைத்துக்கொண்டு, சீட்டாடிக்கொண்டு இருந்தார்கள். யாருக்கும் யார் மேலும் வருத்தம் இல்லை. பார்க்ஸில் 1961-இல் இருந்து இயங்கும் 64 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியும் ஊருக்கு வெளியேதான். அங்கேயும் இப்படித்தான், ஆளுக்கொரு நேரத்தில் போய்வந்தோம்.

ஆனால் கேரவன் இழுப்பதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கவனமெல்லாம் எடையில்தான் இருக்க வேண்டும். காரின் கொக்கி மேல் இறங்கும் பாரம் கேரவனின் மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது இங்கே பொதுவான கணக்கு. கனமான சாமான்களைப் பின்கோடியில் அடுக்கினால் அந்தப் பாரம் குறைந்து, கேரவன் பக்கவாட்டில் வால் ஆட்டத் தொடங்கும். 80 லிட்டர் தொட்டிகள் இரண்டை நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 160 கிலோ. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எதிரே ஒரு பெரிய லாரி கடந்து போகும்போது காற்று வண்டியைத் தள்ளுவது ஸ்டியரிங்கிலேயே தெரியும். ஆட்டம் எடுத்தால் காரின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, மின்சார பிரேக் உள்ள கேரவன் என்றால் காருக்குள் இருக்கும் அதன் பிரேக் பொத்தானை மட்டும் கையால் மெதுவாக அழுத்த வேண்டும். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கிளம்பும் முன்பே கூட வருகிற எல்லா ஓட்டுநர்களுக்கும் காட்டிவிடுங்கள்.

ஓடும்போது கேரவனுக்குள் யாரும் உட்காரக் கூடாது, சட்டப்படி குற்றம். ஆகவே பேச்சும் சிரிப்பும் கார் அளவுக்குச் சுருங்கிவிடும். அதற்கு வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் யுஎச்எஃப் ரேடியோ இருக்கிறது: லாரிக்காரர்கள் 40-ஆம் சேனலில் இருப்பார்கள், கேரவன்காரர்கள் வழக்கமாக 18-இல். முன்னால் போகும் வண்டியில் இருந்து "கங்காரு நிக்குது, மெதுவா வாங்க" என்று தமிழில் குரல் வரும்போது மனதுக்கு எவ்வளவு தெம்பாக இருக்கும் தெரியுமா! எப்படியும் பொழுது சாய்வதற்குள் ஊர் சேர்ந்துவிடுவது நல்லது.

காரும் கூடாரமும் மூன்றாவது வழி. சின்னப் பிள்ளைகளும் பெரியவர்களும் இருந்தால் ஜூலையில் வேண்டாம், இங்கே அது குளிர்காலம். கூனபாரப்ரன் பக்கம் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும்.

தங்க இடம் என்றால் எந்த வண்டிக்கும் நான் சொல்வது ஊர் ஷோகிரவுண்ட், அதாவது ஊர்க் கண்காட்சி நடக்கும் மைதானம். பல ஊர்களில் குறைந்த கட்டணத்தில் மின்சாரமும் குளியலறையும் கிடைக்கும். அந்த ஊர் மனிதர்களோடு நின்று பேசவும் முடியும். வருடாந்திரக் கண்காட்சி நாட்களில் மட்டும் இடம் இருக்காது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேரவன் வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் ஒன்றை வாடகைக்கு எடுத்து, காலியான மைதானத்தில் ஒரு முழு மதியம் ரிவர்ஸ் பழகுங்கள். பின்னால் நின்று கை காட்டுகிற நண்பர் உங்கள் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். அவர் மறைந்தால் உடனே வண்டியை நிறுத்துங்கள்.